குளிர்ந்த வீடும் புகைந்த அடுக்களையும்

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவின் பூர்வீக வீட்டை மர வியாபாரி ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போனார். டேப்பும் நோட்டும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம். தூண், உத்தரம், கைமரம், தட்டுப் பலகை, நிலை, கதவு, பத்தாயம் என்று தனித்தனியாக எழுதிக் கூட்டினார். அயனி மரத்துக்கு ஒரு விலை, பலாவுக்கு ஒரு விலை. சுவருக்கு விலை இல்லை. "ஓட்ட நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். நான்கைந்து தலைமுறைப் பெண்கள் பிள்ளை பெற்ற வீடு, கன அடிக் கணக்கில் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

பங்குக்காரர்கள் எல்லோருக்கும் அந்த விலை சம்மதம். எனக்கு மட்டும் மனம் வரவில்லை. மின்விசிறியே இல்லாமல் மே மாதத்திலும் மதியத் தூக்கம் தூங்கிய வீடு அது. காங்கிரீட் வீட்டில் ஏ.சி. போட்டு மின்கட்டணத்தோடு மல்லுக்கட்டும் காலத்தில், மரமும் மண்ணும் ஓடும் கொண்டு கட்டிய வீட்டை இடிப்பது அறியாமை என்று நினைத்தேன். பழுது பார்க்கலாம், சூரிய மின்சாரம் வைக்கலாம், மழைநீரைச் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியலே போட்டேன். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த அம்மா என் பக்கம் நிற்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா பட்டியலை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மக்களே, ஒனக்கு அது குளிர்ச்சி. எனக்கு அது பொகை. இடிச்சுப் போடுங்க."

இந்தக் கட்டுரை அந்த பதிலில் இருந்துதான் தொடங்குகிறது. மரவீடுகளைப் பற்றிய புத்தகங்களில் குளிர்ச்சி இருக்கிறது, சிற்பம் இருக்கிறது, தச்சு நூல் இருக்கிறது. அம்மா சொன்ன புகையைத் தேடித்தான் பழைய திருவிதாங்கூரின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருந்தது.

தாயின் வீடு, மாமனின் சாவி

1956 நவம்பர் 1 வரை கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்து அரண்மனை இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் பராமரிப்பது கேரள அரசு. பெரும்பகுதி மரத்தாலான அந்த அரண்மனை 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மிகப் பழைய பகுதி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டு அது. அதன் பெயர் தாய்க்கொட்டாரம், அதாவது தாயின் அரண்மனை.

பெயர் தற்செயலானது இல்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மன்னனின் மகன் மன்னனாக முடியாது. சகோதரியின் மகனுக்கே பட்டம். நாயர்களும் வேறு சில சாதியினரும் பின்பற்றிய மருமக்கள்வழி அல்லது மருமக்கத்தாயம் என்ற முறை இது. சொத்து தாய்வழியில் இறங்கும். ஒரு பாட்டியின் வயிற்றில் பிறந்த பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்தது ஒரு தறவாடு. நாயர் தறவாட்டில் பெண், திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டிலேயே இருக்கலாம். கணவன் வந்து போகிறவன். பிள்ளைகள் தாய்வீட்டுப் பிள்ளைகள்.

கேட்கும்போதே நமக்கு ஆசையாக இருக்கும். ஆனால் வீட்டின் சாவி காரணவரிடம் இருந்தது. காரணவர் என்பவர் வீட்டின் மூத்த ஆண், தாய்மாமன். நெல் இருக்கும் அறைப்புரையை எப்போது திறப்பது, யாருக்கு எவ்வளவு அளப்பது, எந்த நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என்பதெல்லாம் அவர் முடிவு. மலபார் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜி. அருணிமா ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டில் காலனிய நீதிமன்றங்கள் தறவாட்டு வழக்குகளை விசாரித்த விதத்தில்தான் காரணவரின் அதிகாரம் சட்டபூர்வமாக இறுகியது. அதற்கு முன்பு பெண்களுக்கு இருந்த நெகிழ்வான இடங்கள் சுருங்கின. எழுத்தில் வந்தபோது தாய்வழி முறை ஆணின் நிர்வாகமாக எழுதப்பட்டது.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் இந்த முறை இன்னும் சிக்கலாக இருந்தது. அங்கே பெண் கணவன் வீட்டுக்குப் போனாள். சொத்தோ கணவனின் சகோதரி மகனுக்குப் போனது. கணவன் கண்மூடினால், அவள் இத்தனை வருடம் மெழுகிப் பெருக்கிய வீடு அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் சொந்தமில்லை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது இதைக் கண்டுதான். அந்த அங்கத நூலை ஒரு பெண்ணின் குரலில் அவர் சொல்ல வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வீடு யாருடையது என்ற கேள்வி அவளுடைய தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பற்றியது.

அந்த வீட்டுக்குள் நுழையவே முடியாத பெண்கள் இருந்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெல் நட்டு, அறுத்து, சுமந்து வந்து களத்தில் கொட்டிய ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் முற்றத்தின் வெளிக்கோட்டைத் தாண்டியதில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில், நாடார்கள் மேல் சுமத்தப்பட்டிருந்த தடைகளைப் பட்டியலிடுகிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பெண்கள் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. அதே பட்டியலில், ஒரு மாடிக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்பதும் இருக்கிறது. உடையின் மேல் இருந்த தடையைப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி உடைத்தார்கள். 1859 ஜூலையில் அரசு இறங்கிவந்து ஆணை பிறப்பித்தது. தோள்சீலைப் போராட்டம் நம் நினைவில் இருக்கும் அளவுக்கு, கூரையின் உயரத்தையும் சாதி தீர்மானித்தது என்பது நினைவில் இல்லை. 'பாரம்பரிய வீடு' என்று நாம் இன்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் கட்ட அனுமதி இருந்தவர்களின் வீடு.

ஆப்பைத் தட்டினால் கழன்றுவரும் வீடு

எங்கள் வீட்டில் தேக்கு இல்லை. திருவிதாங்கூரில் தேக்கும் ஈட்டியும் சந்தனமும் அரச மரங்கள். சொந்த நிலத்தில் வளர்ந்தாலும் அவை சர்க்காருக்கே. அதனால் சாதாரணக் குடும்பங்கள் அயனியிலும் பலாவிலும் வீடு கட்டின. தோட்டத்தில் காய்த்து ஓய்ந்த மரம் வீட்டுக்குள் தூணாக வந்து நின்றது.

அந்த வீடுகளில் இரும்பு ஆணி அபூர்வம். ஒரு மரத்தின் முனையைக் கூராகச் செதுக்கி, இன்னொன்றின் துளைக்குள் இறக்கி, மர ஆப்பு அடித்து இறுக்குவார்கள். கைமரங்கள் எல்லாம் மோட்டில் சேர்ந்து, கீழே சுவரின்மேல் ஓடும் உத்தரத்தில் உட்காரும். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். காங்கிரீட் வீட்டுக்கு இல்லாத வசதி இது. முழு வீட்டையுமே எண் போட்டுக் கழற்றி இன்னோரிடத்தில் நிறுத்தலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் நிற்கும் கேரள மரவீடுகள் அப்படிக் கழற்றிக் கொண்டுவரப்பட்டவைதான்.

பழுது பார்க்க வசதியான அதே அமைப்பு, பங்கு வைக்கவும் வசதியாகிவிட்டது. திருவிதாங்கூரின் 1912ஆம் ஆண்டு நாயர் சட்டம் தறவாட்டில் முதல் விரிசலை இட்டது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு இவ்வளவு என்று சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிவிட்டது. அந்தச் சட்டம் வந்தபோது திருவிதாங்கூரை ஆண்டவர் ஒரு பெண், சேது லட்சுமி பாய். தாய்வழியில் பட்டம் இறங்கும் குடும்பத்தின் ராணி ஆட்சியில்தான் தாய்வழிச் சொத்து கலைந்தது. அடுத்த ஆண்டே நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் தனிச் சட்டம் வந்தது. மலபாருக்கு 1933இல் சென்னை மருமக்கத்தாயச் சட்டம். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம். கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையே 1976 டிசம்பரில் சட்டப்படி முடிந்தது.

இந்தச் சீர்திருத்தத்தை முன்நின்று கேட்டவர்கள் படித்த இளைஞர்கள். காரணவரின் கொடுங்கோன்மையை எதிர்த்த அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் கேட்டது தந்தைக்கான இடத்தை. சொந்த மனைவி, சொந்தப் பிள்ளை, சொந்த வீடு. திருவிதாங்கூரின் இந்த மாற்றத்தைப் பற்றி எழுதிய கே. சாரதாமணி, தாய்வழி முறை கலைந்ததைப் பெண்களுக்கான விடுதலை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்கிறார். பங்கு கிடைத்தது உண்மை. 'இது என் வீடு, யாரும் என்னை இறக்கிவிட முடியாது' என்ற நிச்சயம் போனதும் உண்மை. வரதட்சணை அறியாத குடும்பங்களுக்குள் பின்னாளில் வரதட்சணை வந்து உட்கார்ந்தது.

எங்கள் வீட்டைப் போன்ற எத்தனையோ வீடுகள் இந்தப் பங்குகளில் உடைந்தன. நிலத்தை வெட்டிக் கொடுக்கலாம். வீட்டை எப்படி வெட்டுவது? கழற்றி விற்றுக் காசைப் பிரித்தார்கள். அன்று கழன்ற தூண்கள் இன்று நட்சத்திர ஓட்டல்களின் வரவேற்பறையில் நிற்கின்றன. நோட்டோடு வந்த வியாபாரி ஒரு நூற்றாண்டு வழக்கத்தின் கடைசி ஆள்.

குளிர்ச்சி எப்படி வந்தது

இந்த வீடுகளின் குளிர்ச்சி கட்டுக்கதை இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. ஆய்வாளர்கள் பழைய கேரள வீடுகளில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காற்றோட்டத்தையும் கருவி வைத்து அளந்து உறுதிசெய்திருக்கிறார்கள். வேலை செய்யும் விதம் எளிமையானது. ஆழமாக இறங்கும் கூரைச்சரிவு சுவரில் வெயிலும் மழையும் படாமல் காக்கிறது. ஓட்டுக்கும் அறைக்கும் நடுவில் மரப்பலகைத் தட்டு இருக்கிறது. ஓடு வாங்கிய வெப்பம் தட்டுக்கு மேலே உள்ள காற்றிலேயே தங்கி, முகப்பின் மரச்சட்டங்கள் வழியாக வெளியேறுகிறது. நடுமுற்றத்தில் சூடான காற்று மேலே எழும்ப, அறைகளின் வழியே புதுக் காற்று உள்ளே வருகிறது. மண்சுவர் பகல் வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது.

ஆனால் இதே வீட்டைப் பற்றி உள்ளே இருந்தவர்கள் எழுதியது வேறு. எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு' 1958இல் வந்தது. அதன் கடைசியில் கதாநாயகன் அப்புண்ணி அந்த வீட்டை வாங்கிவிடுகிறான். ஆனால் அதை இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வரும் ஒரு சிறிய வீட்டைக் கட்டலாம் என்கிறான். காற்றோட்டத்துக்குப் பேர்போன வீட்டில் காற்று இல்லை என்று ஏன் ஒருவன் சொல்ல வேண்டும்?

காற்று எல்லா அறைக்கும் ஒன்றுபோல வரவில்லை என்பதுதான் காரணம். திண்ணையும் பூமுகமும் முன்தளமும் ஆண்கள் உட்காரும் இடம். காற்று முதலில் அங்கே வந்தது. உள்ளறைகளுக்குச் சிறு சன்னல், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. நம்பூதிரி இல்லங்களில் இது உச்சத்தில் இருந்தது. அங்கே பெண்ணுக்குப் பெயரே அந்தர்ஜனம், அதாவது உள்ளே இருப்பவள். 1905இல் குறியேடத்துத் தாத்ரியின் மேல் ஸ்மார்த்த விசாரணை நடந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட பெண்ணை வீட்டின் ஓரத்தில் 'அஞ்சாம்புரை' என்று சொல்லும் தனி இடத்தில் அடைத்து வைப்பது வழக்கமாக இருந்தது. அந்த விசாரணையில்தான் தாத்ரி 60க்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்களைச் சொன்னாள். அவளைப் போல ஒருத்தியை அடைப்பதற்கென்றே வீட்டின் அமைப்பில் ஓர் இடம் இருந்திருக்கிறது. வி.டி. பட்டதிரிப்பாடு 1929இல் அரங்கேற்றிய நாடகத்துக்கு 'அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு' என்று பெயர் வைத்தார். பெண் வெளியேற வேண்டிய அறை எது என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

எங்கள் வீடு இல்லமும் இல்லை, பெரிய தறவாடும் இல்லை. என்றாலும் வடகிழக்கு மூலையில் ஒரு சிறிய அறை இருந்தது. மாதவிலக்கில் மூன்று நாள், பிள்ளைப்பேற்றில் பல நாள். சன்னல் கிடையாது. நான் வீட்டின் படம் வரைந்தபோது அந்த அறைக்குப் 'பொருள் அறை' என்று எழுதியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஆமா, நாங்கதான் பொருள்" என்றாள்.

மரத்தைக் காத்த புகை

அடுக்களையைப் பற்றி எனக்கு ஒரு தச்சர் சொல்லித்தான் தெரியும். கூரையில் வண்டு அரிக்காத கைமரங்கள் எவை என்று பார்த்தபோது, எல்லாமே அடுக்களைக்கு மேலே இருந்தவை. கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன. "பொகை குடிச்ச மரம். இதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் ஆசாரி.

அது சரிதான். விறகுப் புகையில் இருக்கும் தார்ப்பொருட்கள் மரத்தின்மேல் படலமாகப் படிகின்றன. அடுப்பின் வெப்பம் ஈரத்தை உலர்த்துகிறது. பூச்சியும் பூஞ்சையும் அண்டுவதில்லை. அதனால்தான் விதைத் தேங்காயையும் குடம்புளியையும்கூட அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். செலவில்லாத மரப் பாதுகாப்பு முறை என்று இதைப் பாராட்டி எழுதுகிறார்கள்.

மரத்தைக் காத்த அதே படலம், அடுப்பருகே நின்றவளின் நுரையீரலிலும் படிந்தது. என் ஆச்சி புகைபிடித்தவள் இல்லை. ஆனால் கடைசிப் பத்து வருடம் மூச்சு வாங்கிக்கொண்டேதான் நடந்தாள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். விறகோடும் சாணத்தோடும் சமைக்கும் வீடுகளில் அதை அதிகம் சுவாசிப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்.

புகையின் மேல் முதலில் கை வைத்தவர்கள் கட்டடக் கலைஞர்கள் இல்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு 1950களிலேயே புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதினார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980களில் 'பரிஷத் அடுப்பு' என்று ஒன்றை உருவாக்கி வீடு வீடாகக் கொண்டுபோனது. குறைந்த விறகு, புகையை வெளியேற்றக் குழாய். பின்னாளில் 'சூடாறாப்பெட்டி'யையும் பரப்பினார்கள். அரிசியைக் கொதிக்கவைத்து, பானையோடு இந்தப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், உள்ளிருக்கும் வெப்பத்திலேயே சோறு வெந்துவிடும். தெர்மோகோலும் அட்டைப்பெட்டியும்தான் மூலப்பொருள். ஆற்றல் சேமிப்பு என்ற சொல்லை நாம் ஐந்து நட்சத்திர ஒட்டு ஒட்டிய பெட்டிகளோடு சேர்த்தே நினைக்கிறோம். விறகு சுமந்த பெண்களுக்கு அது கழுத்துவலி சம்பந்தப்பட்ட விஷயம்.

தரைக்கும் இதே கதைதான். பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போன்ற கரிய தரையைப் பார்த்து வியக்காதவர்கள் இல்லை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று அதன் சேர்மானத்தைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தது சாணித் தரை. வாரம் தவறாமல் மெழுக வேண்டும். 'சுவாசிக்கும் தரை' என்று இன்று புத்தகங்களில் அதற்குப் பெயர். மெழுகியவளின் முழங்கால் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மரத்துக்குப் பூசும் முந்திரி ஓட்டு எண்ணெயும் அப்படித்தான். ரசாயனம் இல்லாத இயற்கைப் பூச்சு, கரையான் வராது என்று எனக்குப் பரிந்துரைத்தார்கள். உண்மைதான். அந்த எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். கொல்லத்திலும் குமரி மாவட்டத்திலும் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு, 'இயற்கை' என்ற சொல்லை அத்தனை சுலபமாகச் சொல்ல வராது.

அம்மாவின் நிபந்தனைகள்

கடைசியில் வீட்டை விற்கவில்லை. அம்மாவும் சித்தியும் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பட்ட கடன் தனிக் கதை. ஆனால் பழுதுபார்க்கச் சம்மதிக்கும் முன் அம்மா நிபந்தனைகள் போட்டாள். அடுக்களையில் புகை கூடாது. உட்கார்ந்து அரிய வேண்டாம், நின்று வேலை செய்ய மேடை வேண்டும். தண்ணீர் உள்ளே வர வேண்டும். கழிப்பறை வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த மூலை அறைக்குச் சன்னல் வைக்க வேண்டும். சாணி மெழுகுவது கிடையாது.

ஆலோசனைக்கு வந்த கட்டடக் கலைஞர் ஒருவர் தயங்கினார். அடுக்களைச் சுவரை உடைத்தால் வீட்டின் மூலத்தன்மை போய்விடும் என்றார். "நீங்க வந்து அதுல ஒரு மாசம் வடிச்சுப் பாருங்க" என்று அம்மா சொன்னாள். அவர் அதற்குமேல் பேசவில்லை.

மூலத்தன்மை என்ற கேள்வி சிரித்து ஒதுக்கக் கூடியது இல்லை. மரக் கட்டடங்களைக் காப்பதற்கு ஐகோமோஸ் அமைப்பு வகுத்த கோட்பாடுகள் 1999இல் வந்தன. திருத்தப்பட்ட வடிவம் 2017 டிசம்பரில் டெல்லியில் ஏற்கப்பட்டது. முடிந்தவரை பழைய மரத்தை அப்படியே வைத்துக்கொள், தேவைக்கு மட்டும் கை வை, தச்சரின் அறிவையும் மரபாக மதி என்பவை அதன் சாரம். நாங்கள் மரத்தில் இதைப் பின்பற்றினோம். அடிப்பகுதி மட்கிய ஐந்து தூண்களை மாற்றவில்லை. மட்கியதை மட்டும் அறுத்து, இடித்த வீடொன்றிலிருந்து வாங்கிய பழைய அயனித் துண்டைக் கூர்வைத்து ஒட்டுப்போட்டார் ஆசாரி. ஓடுகளை இறக்கிக் கழுவி, தட்டிப்பார்த்து, ஓசை சரியாக இருந்ததையெல்லாம் மறுபடி ஏற்றினோம். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு ஓலைக்கூரைகள் மாறிய காலத்தின் ஓடுகள் அவை. மாமா காலத்தில் பூசிய சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்து, சுவருக்குள் புதைந்திருந்த உத்தரத்தின் முனையை மட்க வைத்திருந்தது.

புகை போனதால் அதன் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைக் கைமரங்களில் பூசினோம். அடுக்களைச் சுவரை உடைத்து அகலமான சன்னல் வைத்தோம், கூரையில் நான்கு கண்ணாடி ஓடுகள். கேஸ் அடுப்பு. பக்கத்தில் சூடாறாப்பெட்டி. சூரியத் தகடுகளை ஓட்டுக்கூரையில் ஏற்றவில்லை, பழைய தொழுவத்தின் மேல் போட்டோம். கூரைத் தண்ணீர் தொட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகிறது. 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. எங்கள் வீட்டில் நடுமுற்றம் அந்தப் பாதி வேலையை அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தது.

தச்சு வேலைக்குப் பெண்கள் கிடைப்பார்களா என்று தேடினேன். கோட்டயம் பக்கம் ஏற்றுமானூரில் அர்ச்சனா பெண்கள் மையம் பெண்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுப்பதாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒருவரும் கிடைக்கவில்லை. சுண்ணாம்பு இடித்ததும் கல் சுமந்ததும் பெண்கள்தான். கூலி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றுதான் மேஸ்திரி தொடங்கினார். ஒரே கூலி என்று எழுதி வைத்த பிறகே வேலை ஆரம்பித்தது. வீட்டைப் பற்றிப் புகைப்படப் புத்தகம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு பக்கத்தில் போடலாம்.

வேலை முடிந்தபின் வீட்டுக்கு வரும் எல்லோரும் முதலில் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு முற்றத்தில் நின்று, எவ்வளவு குளிர்ச்சி என்கிறார்கள். அந்தக் குளிர்ச்சி மரத்தாலும் மண்ணாலும் வந்தது. தினமும் முற்றம் பெருக்கியவர்களாலும் ஓட்டின் இடுக்கில் விழுந்த சருகை அள்ளியவர்களாலும் தரை மெழுகியவர்களாலும் நிலைத்தது. பழைய வீட்டுக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். அதை இனி யார் செய்வது என்று முடிவு செய்யாமல் எந்த வீட்டையும் 'நிலைத்த' வீடு என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஓடு பார்ப்பது, தொட்டி கழுவுவது, எண்ணெய் பூசுவது, பெருக்குவது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். பாதிப் பெயர்கள் ஆண்களுடையவை. அதில் சிலர் தங்கள் முறையை மறந்துபோவதும், அம்மா பேசாமல் துடைப்பத்தை அவர்கள் அறை வாசலில் சாய்த்து வைப்பதும் நடக்கிறது.

வடகிழக்கு மூலை அறை இப்போது கழிப்பறையும் குளியலறையும். சன்னலும் கண்ணாடி ஓடும் வைத்ததில், வீட்டிலேயே வெளிச்சம் அதிகம் வரும் இடம் அதுவாகிவிட்டது. ஆச்சி அம்மாவைப் பெற்ற இடம் அது. அம்மாவிடம் ஒருநாள், இப்போது வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அடுக்களையில் சூடாறாப்பெட்டியைத் திறந்து, சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி இருந்தா இதைப் பார்த்திருப்பா" என்றாள். பிறகு, "பத்திரத்தை எங்க வச்சே?" என்று கேட்டாள்.